நாஷ்டா ஆறிப்போவதற்குள்

"நாஷ்டா துன்னியா?" என்று கேட்டால் வடசென்னையில் எந்த ஐந்து வயதுப் பிள்ளையும் தலையை ஆட்டிவிடும். "இன்னா துன்னே?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். டீயும் பொறையும் என்பான் ஒருவன். இன்னொருத்தி ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டுவாள். மூன்றாவது பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு நேற்று ராத்திரி தின்ற மீன்குழம்பைச் சொல்லும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்க இரண்டு நிமிடம் போதும்.

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் ஆரம்பித்துவிடும். மீன் எடுத்து விற்கப் போகிற அம்மா காலை ஏழு மணிக்கு வீட்டில் இருக்க வழியில்லை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அம்மாக்கள் ஏராளம். நான்காம் வகுப்பு அக்காதான் தம்பிக்குச் சட்டை மாட்டிக் கூட்டிவருகிறாள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கை மட்டும் பாருங்கள்: இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, மறுநாள் பகல் 12.30 வரை பதினாறரை மணி நேரத்தை டீத்தண்ணியில் ஓட்டுகிறது. பெரியவர்களுக்கு அது விரதம். ஐந்து வயதிலோ, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. ஈரலில் சேர்த்து வைக்கும் சர்க்கரை இருப்பு அந்தச் சின்ன உடம்புக்குத் தக்கபடி சின்னது. காலையில் எழுத்தைச் சரியாகச் சொன்ன பிள்ளை பதினோரு மணிக்கு அதே எழுத்தில் தடுமாறுவதற்கு இதில் ஒரு பங்கு உண்டு.

பசியோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நூறு வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்ட ஊர் இது. பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரியின் பெயரில் இருக்கும் பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தரத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். பிறகு மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922-23-இல் 811, 1924-25-இல் 1671. செலவைக் காரணம் காட்டி 1925-இல் நிறுத்தினார்கள். அப்புறம் 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 1989 முதல் முட்டை என்று வளர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். இங்கே சொல்ல நினைப்பது வேறு. அரசாணையில் இருக்கும் கிராம், பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் கிராமாக மாறும் வழியில் எங்கெல்லாம் ஒழுகுகிறது, அந்த ஒழுகலில் பாட நேரம் எவ்வளவு போகிறது என்பதுதான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை, அரிசி, சேமியா, கோதுமை ரவை அல்லது சிறுதானியம். சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு காய். சமைத்தபின் 150 முதல் 200 கிராம் உணவும் 100 மி.லி. சாம்பாரும். சராசரியாக 293 கலோரி, 9.85 கிராம் புரதம். 40 பிள்ளைகள் என்றால் 2 கிலோ ரவை, 600 கிராம் பருப்பு, 4 லிட்டர் சாம்பார். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புரதத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சாம்பாரில் இருக்கும் பருப்பு. வெறும் உப்புமாவைத் தின்றுவிட்டு சாம்பாரைக் கீழே ஊற்றும் பிள்ளை அந்தப் பங்கையும் சேர்த்து ஊற்றுகிறது. அதனால் சாம்பாரை ஓரமாகத் தனியே ஊற்றாமல், உப்புமாவின் நடுவில் குழி செய்து ஊற்றிப் பிசையச் சொல்லுங்கள். சின்ன வேலை, பெரிய வித்தியாசம்.

இனி ஒழுகலுக்கு வருவோம். சென்னையில் பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே சமையற்கூடம். அங்கிருந்து வண்டியில் வரவேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் என்ன ஆகும் என்று அந்த ரோட்டில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு வரவேண்டும். பாத்திரத்தில் மூடிக் கிடக்கும் ரவை அதுவரை சும்மா இருக்காது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஆற ஆற மாவுச்சத்து இறுகும். அடுப்பிலிருந்து இறக்கும்போது பதமாக இருந்த உப்புமா, முக்கால் மணி நேரத்தில் கரண்டியால் வெட்டி எடுக்கும் கட்டியாகிவிடும். பிள்ளைகள் அதற்கு வைக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது.

உடனே பரிமாறுவதானால் கிலோ ரவைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் போதும். வண்டியில் போகிற உப்புமாவுக்கு மூன்றரை லிட்டர் வேண்டும். இறக்கும்போது "தண்ணியா இருக்கே" என்று தோன்ற வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். ரவையை வாசம் வரும்வரை வறுக்காவிட்டாலும், தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் ரவையைக் கொட்டினாலும் கட்டி தட்டும். சிறுதானிய ரவை ஊறாமல் வேகாது. முன்கூட்டி அரைமணி நேரமாவது ஊறவேண்டும், இல்லையென்றால் வெளியே குழைந்து உள்ளே நறநறக்கும். பொங்கல் இறுகி வந்தால் பள்ளியிலேயே கொதிக்கும் தண்ணீர் சேர்த்துக் கிளறலாம். பச்சைத் தண்ணீரை ஊற்றக்கூடாது. சாம்பார் சூடாக இருந்தால் இறுகிய உப்புமாவையும் அது இளக்கிவிடும் என்பதால், வண்டியில் கடைசியாக ஏற வேண்டியது சாம்பார் பாத்திரம். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெகுநேரம் கிடக்கக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. சமையற்கூடத்தில் ஒரு வெப்பமானிக் குச்சி இருந்தால் வாக்குவாதம் மிச்சம்.

காரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பொங்கலில் முழு மிளகு போடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒரு மிளகைக் கடித்தால் அந்தத் தட்டு அன்றைக்கு முடிந்தது. ஒன்றிரண்டாகப் பொடித்துப் போட்டால் மணமும் இருக்கும், சண்டையும் இருக்காது. பச்சைமிளகாயை நறுக்காமல் கீறி முழுசாகப் போட்டால் பரிமாறுபவர் எடுத்துவிடலாம். முருங்கைக்காய் சாம்பார் நல்லதுதான். ஆனால் ஒன்றாம் வகுப்பு வரிசையில் வேண்டாம். மீன் முள்ளை லாவகமாகப் பிரிக்கும் காசிமேட்டுப் பிள்ளைகூட முருங்கைச் சக்கையில் திணறும்.

பரிமாறுவதற்கு முன் பெரியவர் ஒருவர் ருசி பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதைச் சடங்காக முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே இருப்பதைக் கிள்ளி வாயில் போடுவதில் பலனில்லை. நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜூலை 16 என்ற தேதியைச் சமையலறைச் சுவரில் எழுதி வைக்கலாம். 2004-இல் அன்றுதான் கும்பகோணத்தில் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் போனார்கள். 2013-இல் அதே தேதியில் பீகாரில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவால் 23 குழந்தைகள். அடுப்பு வகுப்பறையோடு ஒட்டி இருக்கக்கூடாது, வேறெதற்கோ பயன்பட்ட கேனில் எண்ணெய் வாங்கக்கூடாது என்ற விதிகள் வெறும் காகிதம் இல்லை.

கை கழுவுவதில்தான் பாட நேரம் அதிகம் போகிறது. ஒரு குழாய், 40 பிள்ளைகள், சோப்பு போட்டுக் கழுவ ஆளுக்கு 40 வினாடி: மொத்தம் சுமார் 27 நிமிடம். யாரும் அவ்வளவு நேரம் விடமாட்டார்கள். அதனால் நடப்பது என்ன? தண்ணீரில் விரலை நனைத்துச் சட்டையில் துடைப்பது. கழுவுமிடம் நான்கு இருந்தால் அதே வேலை ஏழு நிமிடத்தில் முடியும். குழாய் வைக்க மாநகராட்சிக்கு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், அடியில் குழாய் வைத்த 20 லிட்டர் வாளி மூன்றை ஸ்டூலில் வைத்துவிடலாம். ஒரு பிள்ளைக்கு கால் லிட்டர் போதும். 40 பேருக்கு 10 லிட்டர். சோப்பைப் பழைய வலைத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் தொலையாது, சேற்றில் விழாது. கடலோரத் தெருக்களில் அடிபம்புத் தண்ணீர் உப்பாக இருக்கும், சோப்பு நுரைக்காது. லாரித் தண்ணீரைக் கை கழுவவும் கொஞ்சம் ஒதுக்கித்தான் ஆகவேண்டும். பிள்ளைகள் கழுவி முடித்து உட்காரும்போது தட்டில் உணவு இருக்க வேண்டும். கழுவிய கையோடு பத்து நிமிடம் காத்திருந்தால் அந்தக் கை மணலுக்குப் போகும், பக்கத்துப் பிள்ளையின் தலைக்கும் போகும்.

அளவு விஷயத்தில் பெரும்பாலான இடங்களில் ஒரே தவறு: எல்லாருக்கும் ஒரே குழிக்கரண்டி, ஒரே தடவை. மதிய உணவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. வெந்தபின் 250 முதல் 300 கிராம் சாதம். பத்து வயதுக்கு அது சரி. ஒன்றாம் வகுப்புக் குட்டிக்கு ஒரே மூச்சில் மலைப்பாக இருக்கும். பாதியை வைத்து, முடித்ததும் மீதியை வைத்தால் அதே பிள்ளை முழுதையும் தின்றுவிடும். குவியலைப் பார்த்ததும் பசி அடங்கிவிடுவது குழந்தைகளுக்கு மட்டும் வரும் வியாதி இல்லையே. உங்கள் கரண்டி எத்தனை கிராம் எடுக்கிறது என்று ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துக் கைப்பிடியில் எழுதிவிடுங்கள். சாப்பாடு முடிந்ததும் மிச்சம் கொட்டும் வாளியையும் எடை போடுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும்: எந்தக் கிழமை, எந்தப் பதார்த்தம், எந்த வகுப்பு என்று அதுவே சொல்லும். மிச்சம் அதிகமானால் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நிதானமாகச் சாப்பிட 20 முதல் 25 நிமிடம் வேண்டும். பாதி மிச்சங்கள் மணி அடித்ததால் வந்தவை.

அங்கன்வாடியில் அளவு வேறு: 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு, வாரம் மூன்று முட்டை. பள்ளியில் வாரம் ஐந்து. முட்டையில் சிக்கல்கள் ருசியானவை. ஐந்து வயதுக்காரர்கள் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை ஒளித்துவைப்பார்கள், காய்ந்துபோய்த் தொண்டையை அடைப்பதால். ரொம்ப நேரம் வெந்த முட்டையில் அந்தக் கரு சாம்பல் பச்சை வளையம் கட்டி இன்னும் காயும். பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதி வந்தபின் 10 முதல் 12 நிமிடம். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் ஓடும் சுலபமாக உரியும். இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைக்கு முழு முட்டையைக் கையில் கொடுக்கவே கூடாது. நான்காக வெட்டி, கருவைச் சாதத்தோடு துளி எண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுக்க வேண்டும். மூச்சடைப்பு என்பது இந்த வயதில் நிஜமான ஆபத்து. சுண்டல் போடும் நாளிலும் இதே கவனம்: முழுக் கொண்டைக்கடலை சின்னவர்களுக்கு மசித்துத்தான் போகவேண்டும்.

சில பிள்ளைகள் முட்டையைத் தின்னாமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும். அது திருட்டும் இல்லை, அடமும் இல்லை. வீட்டில் தம்பி இருக்கிறான். திட்டிப் பிடுங்குவதைவிட, அந்தத் தம்பி அருகில் உள்ள அங்கன்வாடியில் பதிவாகியிருக்கிறானா, இணை உணவு மாவு வாங்குகிறார்களா என்று அன்றைக்கே விசாரிப்பது உபயோகமான வேலை. காலை உணவிலும் இதே பிரச்சினை வேறு முகத்தோடு வரும். திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை. அக்காவின் கையைப் பிடித்து வரும் மூன்று வயதுக்காரன் கணக்கில் இல்லை. அவன் முன்னால் உட்கார்ந்து அவள் எப்படித் தின்பாள்? பாதியை அவனுக்குத்தான் ஊட்டுவாள். பத்தரை மணிக்கு அவள் தூங்கி விழுவாள். விதி தெரியாமல் சொல்லவில்லை. இந்த ஓட்டையை அடைக்காமல் காலை உணவின் பலனை அளக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சரி, வயிறு நிறைந்தால் படிப்பு தானாக வந்துவிடுமா? 1990களில் ஜமைக்காவின் கிராமப்புறப் பள்ளிகள் நான்கில் பார்த்தார்கள். ஒழுங்காக நடந்த பள்ளியில் காலை உணவு கொடுத்ததும் பிள்ளைகளின் கவனம் கூடியது. நெரிசலும் இடவசதிக் குறைவும் இருந்த பள்ளிகளில் வகுப்பின் அமைதி குறைந்தது. இதில் அதிசயம் இல்லை: பசித்த பிள்ளை சுருண்டு உட்காரும், தின்ற பிள்ளை வேலை கேட்கும். வேலை தயாராக இல்லையென்றால் அந்தத் தெம்பு பக்கத்துப் பிள்ளையின் சடைக்குப் போகும். நம் நாட்டு மதிய உணவைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஐந்து வருடம் வரை தொடர்ந்து சாப்பிட்ட பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் 18 சதவீதமும் கணக்கு 9 சதவீதமும் கூடியிருந்ததைக் காட்டியது. ஒரு வாரத்தில் தெரியும் பலன் இல்லை இது, வருடக்கணக்கில் சேருவது.

இன்னொரு ஆய்வு நம் வீட்டிலேயே நடந்தது. தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதிக்குக் கற்பித்தலுக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, மொழியும் கணக்கும் முன்னேறின. அதோடு உயரக் குறைவும் குறைந்தது. கூடுதல் ஆள் பாடம் எடுக்க வந்தவர். பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் தாய்மார்களோடு பேசவும் நேரம் கிடைத்துவிட்டது. ஒரே பெண் கதவைத் திறந்து, கூட்டி, பதிவேடு எழுதி, முட்டை எண்ணி, பாட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் முதலில் விழுவது பாட்டுதான். அங்கன்வாடியில் பற்றாக்குறை அரிசியை விடக் கைகளில்தான் என்பது என் கட்சி.

கைகள் குறைவாக இருக்கும் இடத்தில், சாப்பாட்டு வேலையையே கற்கும் வேலையாக மாற்றலாம். அளவோடு. ஒரு பிள்ளைக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு டம்ளர் என்று வரிசைத் தலைவன் வைத்துக்கொண்டு போவது, எண்ணிக்கைக்கு முந்தைய பாடம். "ஒன்று, இரண்டு" என்று பாடத் தெரிந்த பிள்ளைக்கும் பொருளோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்தத் தெரியாது. காலையில் வருகைக் கணக்கைச் சமையலறைக்குச் சொல்லவேண்டும் அல்லவா? ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய அட்டையை எடுத்து மாட்டட்டும். அது வாசிப்பு. இரண்டாம் வகுப்பில் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு குச்சி எடுத்துப் பத்துப் பத்தாக ரப்பர் போடட்டும்: மூன்று கட்டு, நான்கு உதிரி, 34 முட்டை. முட்டை அட்டை ஒன்றில் 30. அப்படியானால் ஓர் அட்டை போக எத்தனை? தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சியில் இடமதிப்புக்குப் படம் போட்டுச் சொல்வதைவிட இது சீக்கிரம் ஏறும், ஏனென்றால் கணக்குத் தப்பினால் ஒருவனுக்கு முட்டை இருக்காது. அட்டையையே எண்ணும் கருவியாக வகுப்பில் வைக்க ஆசை வரும். முட்டை உடைந்து ஊறிய காகித அட்டையில் கிருமி தங்கும், வேண்டாம். அதே கட்டத்தைச் சாக்பீஸால் தரையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் தட்டு முன்னால் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். "கேரட்டுக்கு எந்த எழுத்து? சொன்னாதான் சாப்பாடு" என்கிற விளையாட்டு கொடுமையானது. சாப்பாட்டு நேரத்தில் தேவை பேச்சு. சூடு, காரம், கம்மி, ஜாஸ்தி, இன்னும், போதும். மணலியிலும் மாதவரத்திலும் இந்தி பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் கற்கும் முதல் தமிழ் இதுதான். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கும் உருது வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியே. "நான் இட்லி துன்னேன்" என்று சொல்லும் பிள்ளையைத் திருத்தினால் அது அடுத்த நாள் வாயைத் திறக்காது. "ஓ, இட்லி சாப்பிட்டியா? எத்தினி?" என்று பதில் சொன்னாலே போதும், பொது வழக்கு காதில் விழுந்துவிட்டது.

நேர அட்டவணையில் ஒரு மாற்றம் மட்டும் சொல்லலாம். காலை உணவு முடிந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் நாளின் கொழுத்த நேரம். அதைக் காலை வழிபாடும் பதிவேடும் நோட்டு வசூலும் தின்றுவிடாமல், வாசிப்பையும் கணக்கையும் அங்கே வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கதை, பாட்டு, களிமண், அங்கன்வாடியில் தூக்கம்.

சாப்பாட்டால் மட்டும் தீராதது ரத்தச்சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. வகுப்பறையில் அதன் அடையாளம் பல்பம் தின்பது. பல்பம், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சரிசி, விபூதி. அடித்தால் நிற்காது, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குள் 11 கிராமுக்கும், ஐந்திலிருந்து பதினொன்று வயது வரை 11.5 கிராமுக்கும் குறைந்தால் ரத்தச்சோகை. 5 முதல் 9 வயதுக்கு வாரம் ஒரு ரோஸ் நிற மாத்திரை, 45 மி.கி. இரும்பு. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், வாந்தி எடுத்த பிள்ளை மறுவாரம் கன்னத்தில் ஒதுக்கி ஜன்னல் வழியே துப்பும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது, டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கீரைச் சாத நாளில் எலுமிச்சை பிழிந்தால் நேர் எதிர்ப் பலன். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் குடற்புழு மாத்திரையை, 400 மி.கி., மென்று விழுங்கச் செய்யவேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி.

செறிவூட்டிய அரிசி வரும் மூட்டைகளில் நூற்றுக்கு ஒரு மணி வேறு மாதிரி இருக்கும், கழுவும்போது மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மணியில்தான் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் இருக்கிறது. இரண்டு முறைக்கு மேல் அலச வேண்டாம், மிதப்பதை வடித்துக் கொட்ட வேண்டாம் என்று சமையலம்மாவிடம் காரணத்தோடு சொன்னால் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

வடசென்னைக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கையில் காசு வற்றும். பள்ளி திறப்பது அந்தக் கடைசி நாட்களில். அதாவது ஒன்றாம் வகுப்புக்குள் புதிதாக நுழையும் பிள்ளை, வருடத்திலேயே வீட்டில் சாப்பாடு மெலிந்திருக்கும் வாரத்தில் நுழைகிறது. அழுகிறது, ஒன்றும் புரியவில்லை, மந்தம் என்று பெயர் வாங்குகிறது. ஜூன் முதல் வாரத்தில் நிலை அறியும் தேர்வு வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளாகப் பிரிப்பதைக் காசிமேட்டுப் பள்ளிகளில் ஜூன் கடைசிக்குத் தள்ளலாம். முதல் வாரத்தில் எடையும் உயரமும் எடுத்து வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் புயத்தின் சுற்றளவும். 12.5 செ.மீ.க்குக் கீழே கவனம், 11.5-க்குக் கீழே அன்றைக்கே மருத்துவமனை.

கடைசியாக, தாமதமாக வருகிறவர்கள். எட்டே முக்காலுக்குப் பாத்திரம் கழுவப் போய்விடும். ஒன்பது மணிக்கு மூச்சிரைக்க வருகிற பிள்ளைதான் பெரும்பாலும் வீட்டில் ஒன்றும் இல்லாத பிள்ளை, மூன்று தம்பி தங்கைகளைக் கிளப்பிவிட்டு வருகிற பிள்ளை. ஐந்து பேர் பங்கை மூடி போட்ட சூட்டுப் பாத்திரத்தில் ஒன்பதேகால் வரை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாம்பாரைத் தனியாக.